அம்மாவின் கால் நடக்கும் தூரமே அளவு

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் இருக்கிறோம். நான் செம்பனை ஆலை அலுவலகத்தில் குமாஸ்தா. கணவர் லோரி ஓட்டுகிறார். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5 வயது. என் அம்மாவுக்கு 67. முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். முழங்கால் வலியும் இனிப்பு நீரும் இருக்கின்றன. குடிமக்களுக்கான நீல அடையாள அட்டையே அவருக்குப் பத்து வருடத்துக்கு முன்புதான் கிடைத்தது. எங்கள் ஐவரில் யாரிடமும் கடப்பிதழ் கிடையாது. கூட்டு (சீட்டு) கட்டி 15,000 ரிங்கிட் சேர்த்திருக்கிறோம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை டிஸ்னிலேண்டுக்கோ யுனிவர்சல் ஸ்டூடியோவுக்கோ அழைத்துப் போக ஆசை. கொழுந்தனார் “போனால் தோக்கியோதான்” என்கிறார். வாட்சாப்பில் ஒருவர் தோக்கியோ பேக்கேஜ் அனுப்பி, இன்று மாலைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார். சிங்கப்பூர் என்றால் சொந்தக்காரர்கள் “அது வெளிநாடா?” என்று கேட்கிறார்கள். அம்மாவோ, “நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்” என்கிறார். எங்கே போவது?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வணக்கம் சகோதரி. நீங்கள் கேட்டது பூங்காவைப் பற்றி. நான் நின்றுவிட்டது உங்கள் கடைசி வரியில். “நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லும் அம்மாக்களை இந்தப் பயண ஏற்பாட்டுத் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். கால் வலி பாதிக் காரணம்தான். தன்னால் பிள்ளைகளின் காசு வீணாகுமோ, தன்னைப் பார்த்துக்கொள்வதிலேயே அவர்களின் நாள் கழிந்துவிடுமோ என்கிற கூச்சம் மீதிப் பாதி. ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். ஹாங்காங் போங்கள். ஐந்து பேரும் போங்கள்.

தோக்கியோ வேண்டாம் என்று நான் சொல்வதற்குப் பணம் முதல் காரணமல்ல. 2014 டிசம்பரில் என் பெற்றோரை நானே தோக்கியோவுக்கு அழைத்துப் போனேன். அவர்களுக்கும் அதுதான் முதல் வெளிநாடு. அப்பா தோட்டத்தில் மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக இருந்தவர், ஒரு நாளில் எத்தனை மைல் நடந்தாலும் அலுக்காதவர். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் நானும் திட்டம் போட்டேன். ஆனால் அவர் நடந்ததெல்லாம் செருப்பில், மண் தரையில், நம் ஊர் வெயிலில். பயணத்துக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்து இரண்டாம் நாள் காலையிலேயே குதிகாலைக் கிழித்துவிட்டது. கான்கிரீட் தரை, எலும்பில் ஏறும் குளிர், ஒவ்வொரு விளையாட்டுக்கும் நீண்ட வரிசை. மதியத்துக்கு மேல் அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவர்தான். “நீங்கள் போங்கப்பா, நான் பைகளைப் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். உங்கள் அம்மா வீட்டிலிருந்து சொல்வதை அவர் அங்கே, அந்தப் பெஞ்சிலிருந்து சொன்னார். நாங்கள் எடுத்த படங்களில் அவர் இல்லை. அந்தப் பயணத்துக்குப் பிறகு, முதல் முறை வெளிநாடு போகும் குடும்பம் எது வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, “உங்களில் குறைவாக நடப்பவர் யார்?” என்பதுதான். அவருக்கு ஒத்துவருகிற பூங்கா மற்ற எல்லாருக்கும் ஒத்துவரும்.

தோக்கியோ டிஸ்னி அருமையான இடம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1983இல் திறந்த டிஸ்னிலேண்ட், 2001இல் திறந்த டிஸ்னிசீ என்று அடுத்தடுத்து இரண்டு பூங்காக்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப மனம் வராது. இரண்டையும் பார்க்க அம்மாவின் கால் இடம் கொடுக்காது. விமானத்திலேயே ஏறத்தாழ ஏழு மணி நேரம் உட்கார வேண்டும். டிசம்பரில் அங்கே பகலிலேயே கம்பளிச் சட்டை கேட்கும் குளிர். ஐந்து பேருக்கும் நீங்கள் வாங்கும் குளிருடை, திரும்பி வந்த பிறகு அலமாரியில்தான் தொங்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. இது உங்கள் அம்மாவுக்கென்றே தோன்றியது. ஜப்பானுக்குள் நுழையும்போது 16 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவரின் விரல் ரேகையைப் பதிவு செய்கிறார்கள். முப்பது வருடம் கத்தி பிடித்து, பாலை உறையவைக்கும் திராவகத்தில் நனைந்த விரல்களில் ரேகை எவ்வளவு மிச்சமிருக்கும் என்று நமக்குத் தெரியும். தோட்டத்தில் வேலை செய்த பல பெரியவர்கள் வங்கியிலும் அரசாங்க முகப்பிலும் அந்தச் சிறிய கண்ணாடியில் விரலை வைத்து வைத்துச் சங்கடப்படுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் பயணத்திலேயே, மொழி புரியாத அதிகாரி முன்னால் அம்மா அப்படி நிற்க வேண்டாம். ஹாங்காங்கில் வருகையாளரிடம் ரேகை கேட்பதில்லை. நுழைவுப் படிவத்தையும் 2024 அக்டோபரிலேயே நிறுத்திவிட்டார்கள். மலேசியக் கடப்பிதழுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை. முத்திரை குத்துவதற்குப் பதில் ஒரு சிறு தாள் தருவார்கள். அதைக் கடப்பிதழுக்குள் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

ஹாங்காங் டிஸ்னிலேண்ட் 2005 செப்டம்பர் 12இல் திறந்தது. டிஸ்னி பூங்காக்களில் சிறியவற்றுள் ஒன்று. உலகம் சுற்றியவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். உங்களுக்கு அதுவே வரம். ஒரே நாளில், அவசரமில்லாமல், நடுவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தாலும் சுற்றி முடிக்கலாம். விமான நிலையம் இருக்கும் அதே லந்தாவ் தீவில்தான் பூங்காவும் இருக்கிறது. டிஸ்னி ஹோட்டலில் தங்க வேண்டியதில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான துங் சுங்கில் தங்குங்கள். அங்கிருந்து ரயிலில் சன்னி பே ஒரு நிறுத்தம். அங்கே இறங்கி மாறினால் அடுத்த நிறுத்தமே பூங்கா. மாறி ஏறும் அந்த ரயிலின் சன்னல்கள் மிக்கி மௌஸ் தலை வடிவில் இருக்கும். உங்கள் மகளுக்குப் பூங்கா அந்தப் பெட்டியிலேயே தொடங்கிவிடும்.

டிசம்பர் தொடக்கத்தில் ஹாங்காங் எப்படி இருக்கும் என்றால், கேமரன் மலையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே போகும்போது போடும் சட்டையே போதும். மழையும் குறைவு. கிறிஸ்துமஸ் வாரத்தையும் புத்தாண்டையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள், கூட்டம் தாங்காது. நேரமும் நம் நேரம்தான், அம்மாவின் மாத்திரை வேளை மாறாது. மின்சாரச் செருகியும் நம் வீட்டில் இருப்பது போல மூன்று முனைதான். சின்ன விஷயங்கள் என்று தோன்றும். முதல் முறை போகிறவர்களைச் சோர வைப்பது பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயங்கள்தான்.

இனி உயரக் கணக்கு. மகளின் உயரத்தை நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கே சுவரோடு நிற்க வைத்து, சப்பாத்து இல்லாமல் அளந்து பாருங்கள். பூங்காவில் அழுகை வருவது இந்த ஓர் இடத்தில்தான். அண்ணன் உள்ளே போவான், தங்கையை வாசலில் நிறுத்திவிடுவார்கள். ஹாங்காங்கில் ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கும் அயர்ன்மேன் விளையாட்டுக்கும் 102 செ.மீ. வேண்டும். கரடி மலைச் சுரங்க வண்டிக்கு 112. ஆர்சி ரேசருக்கு 120. அதே சமயம், உயரமே கேட்காத விளையாட்டுகளும் இங்கே நிறைய. பொம்மைகள் ஆடும் ஓடையில் மிதந்து போகும் ‘இட்ஸ் எ ஸ்மால் வோர்ல்ட்’, காட்டாற்றுப் படகு, மிஸ்டிக் மேனர், 2023 நவம்பரில் திறந்த ஃப்ரோசன் பகுதியின் படகு, அரங்கத்தில் உட்கார்ந்தே பார்க்கும் லயன் கிங் ஆட்டம் என்று அம்மாவும் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு நாளுக்குத் தாராளமாக இருக்கிறது. நான் ஹாங்காங்கைப் பிடித்துக்கொள்ள இதுதான் முதன்மைக் காரணம். மகனும் அவன் அப்பாவும் மலை வண்டிக்குப் போகட்டும். நீங்கள் மூவரும் படகில் ஏறுங்கள்.

உயரத்தைச் சொன்னதும் சிங்கப்பூருக்கு வருகிறேன். “அது வெளிநாடா?” என்று கேட்கிறவர்கள் எல்லைச் சாவடி வரிசையில் நின்று பார்க்கட்டும். அதுவும் வெளிநாடுதான், நல்ல வெளிநாடு. ஈப்போவிலிருந்தே நேரடி விமானம் உண்டு. தமிழ் அங்கே ஆட்சி மொழி. எம்ஆர்டி ரயிலின் அறிவிப்பிலேயே தமிழைக் கேட்கும்போது அம்மாவின் முகம் மலர்வதை நீங்கள் பார்க்கலாம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில், சுற்றிலும் நம் சாப்பாடு. ஆனால் செந்தோசாவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோவின் பெரிய ஈர்ப்புகள் வளர்ந்த பிள்ளைகளுக்கானவை. டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125 செ.மீ. கட்டும் கட்டணத்தில் பாதி உங்கள் மகளுக்குப் பயன்படாது. ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். மகள் 125ஐத் தாண்டிய பிறகு போங்கள், அப்போது சுவையே வேறு.

ஷாங்ஹாயும் மலிவாகத் தெரியும், விசாவும் தேவையில்லை. ஆனால் அங்கே உள்ளூர் இணையத்தில் வாட்சாப்பும் கூகுளும் வேலை செய்யாது, பணம் கட்டுவதும் பெரும்பாலும் அவர்களுடைய கைப்பேசிச் செயலி வழியாகத்தான். இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அம்மா கேட்பார். ஹாங்காங்கில் பன்றியும் மாடும் பல உணவுகளில் கலந்திருக்கும். பூங்காவுக்குள் ஹலால் சான்று பெற்ற உணவகம் உண்டு. ஆனால் ஹலால் என்றால் மாட்டிறைச்சி இல்லை என்று பொருளல்ல, கேட்டுத்தான் வாங்க வேண்டும். இதில் உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. ஹாங்காங்கில் பேசுவது கண்டனீஸ், ஈப்போ சந்தையில் நாம் தினமும் கேட்கும் அதே மொழி. லோரி ஓட்டும் உங்கள் கணவருக்கு நாலு வார்த்தையாவது தெரிந்திருக்கும். ‘ஙௌ யுக்’ என்றால் மாட்டிறைச்சி. அதைக் காட்டி வேண்டாம் என்று தலையசைத்தாலே புரிந்துகொள்வார்கள். ஒரு மாலை சிம் ஷா சூய் பக்கம் போய் கடலோரத்தைப் பார்த்துவிட்டு, அங்கிருக்கும் சுங்கிங் மேன்ஷன் கட்டடத்தில் இந்தியச் சாப்பாடு சாப்பிடுங்கள். இரண்டாம் நாளுக்குள் அம்மாவின் நாக்கு சோற்றையும் குழம்பையும் தேடத் தொடங்கிவிடும்.

பூங்காவுக்கு ஒரு நாள் போதும். இன்னொரு நாளில் துங் சுங்கிலிருந்து கேபிள் காரில் நோங் பிங் மலைக்குப் போங்கள். கடலையும் மலையையும் கடந்து ஏறக்குறைய 25 நிமிடப் பயணம். மேலே 34 மீட்டர் உயரப் புத்தர் சிலை. அதனடிக்கு 268 படிகள். பத்துமலைப் படிகளைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனாலும் அம்மாவை ஏற்றாதீர்கள், கீழேயிருந்தே சிலை நன்றாகத் தெரியும்.

இப்போது அந்த வாட்சாப் பேக்கேஜ். இன்று மாலைக்குள் கட்டு என்று அவசரப்படுத்துகிறவருக்கு ஒரு ரிங்கிட்டும் கொடுக்காதீர்கள். இந்த நாட்டில் சுற்றுலா விற்கிறவர் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள், அமைச்சிடம் சரிபாருங்கள். பணத்தைத் தனிமனிதர் வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். ஏற்கெனவே ஏதாவது கட்டிவிட்டிருந்தால் ரசீதையும் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை ஏற்கும், வழக்கறிஞர் தேவையில்லை. கூட்டுப் பணத்தின் அருமை எனக்குத் தெரியும். மாதா மாதம் எதையெதை விட்டுக்கொடுத்து அது சேர்ந்தது என்பதும் தெரியும். அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

15,000இல் மூவாயிரத்தைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். மீதியில் ஐவருக்கும் டிக்கெட், நான்கு இரவுத் தங்கல், பூங்கா, சாப்பாடு எல்லாவற்றையும் அடக்கப் பாருங்கள். அடங்காவிட்டால் ஓர் இரவைக் குறையுங்கள், ஆளைக் குறைக்காதீர்கள். பயணக் காப்புறுதியைக் குறைக்கவே கூடாது. எடுக்கும்போது அம்மாவின் இனிப்பு நீரை மறைக்காமல் சொல்லி, அதற்குப் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பூங்கா டிக்கெட்டின் விலை நாளுக்கு நாள் மாறும், வாரநாள் மலிவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கான டிக்கெட் பெரியவர் கட்டணத்தில் மிகச் சிறிய பங்குதான். “என்னால் செலவு” என்று அம்மா சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். விமான டிக்கெட் எடுக்கும்போதே அவருக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள். பூங்காவிலும் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். அவர் வேண்டாம் என்பார். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மதியத்துக்கு மேல் அவரே உட்காருவார். மருந்துகள் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் பெயர் எழுதும் இடத்தில் நம்மவர்கள் தடுமாறுவதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்னாரின் மகன், மகள் என்று காட்டும் ஏ/எல், ஏ/பி-தான் உண்டு. விமான நிறுவனத்தின் படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கும், நடுவில் இருக்கும் சாய்கோட்டையும் ஏற்காது. கோட்டை மட்டும் விட்டுவிட்டு, கடப்பிதழில் உள்ள எழுத்துகளை அதே வரிசையில், ஒன்றும் விடாமல் எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர், பள்ளியில் எழுதும் பெயர் எதுவும் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் பணம் கட்டும் முன்பு கேளுங்கள். கட்டிய பிறகு ஒரு எழுத்தைத் திருத்தவும் காசு கேட்பார்கள். கடப்பிதழ் கைக்கு வருவதற்கு முன்னால் டிக்கெட் எடுக்கக் கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான்.

இன்னும் ஒன்று. தம்பூனில் இருக்கும் லாஸ்ட் வோர்ல்ட் கேளிக்கைப் பூங்கா உங்களுக்குப் பக்கம். பயணத்துக்கு முன்னால் ஒரு நாள் ஐவரும் அங்கே போங்கள், ஹாங்காங்கில் போடப்போகும் சப்பாத்தோடு. அம்மா எத்தனை மணிக்கு முதல் முறை உட்கார இடம் தேடுகிறார், மகள் எப்போது தூக்கச் சொல்லி அழுகிறாள் என்று பார்த்து வையுங்கள். அந்த நேரங்களில்தான் ஹாங்காங்கில் நீங்கள் அரங்கத்திலோ உணவகத்திலோ இருக்க வேண்டும். இதைவிட நல்ல பயணத்திட்டத்தை நான் காசு வாங்கிக்கொண்டு எழுதினாலும் உங்களுக்குத் தர முடியாது.

கொழுந்தனாரிடம், தோக்கியோவை விட்டுவிடவில்லை என்று சொல்லுங்கள். நீங்கள் எடுக்கப்போகும் கடப்பிதழ் ஐந்து ஆண்டு செல்லும். மகளுக்கு ஒன்பது வயதாகும்போது அந்தப் பேச்சை மறுபடி எடுக்கலாம்.

ஆக, முதல் வேலை குடிநுழைவுத் துறை. ஈப்போவில் அரசாங்கச் சேவை மையமான யுடிசியில் முகப்பு இருக்கிறது. பெரியவர்களுக்கு 200 ரிங்கிட், அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் 100. பிள்ளைகளை நேரில் அழைத்துப் போக வேண்டும், பிறப்புச் சான்றிதழின் அசல் கையில் இருக்கட்டும். அம்மாவின் விரல்களுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெய் தடவி விடுங்கள். இயந்திரம் ரேகையை எடுக்காவிட்டால் பதற வேண்டாம், பால்மரம் வெட்டிய கை என்று அதிகாரியிடம் சொல்லுங்கள். காலையிலேயே போனால் பெரும்பாலும் அன்றே கிடைத்துவிடும். படம் அங்கேயே எடுப்பார்கள், பின்னணி வெள்ளை. ஆகவே வெளிர் நிறம் வேண்டாம். அம்மாவிடம் கருநீலத்திலோ அரக்கிலோ ஒரு சேலை இருக்கும், தோளை நன்றாக மூடிக் கட்டச் சொல்லுங்கள்.